‘நல்ல அறிவியல்’ என்பதன் பொருள் எப்படி மாறி வந்திருக்கிறது?

ஒரு சொட்டுப் பால் மேலிருந்து விழுகிறது. கீழே பட்டதும் தட்டையாகப் பரவி, விளிம்பில் முள் முள்ளாக எழும்பி, ஒரு கணம் கிரீடம் போல நின்று, அடங்கிவிடுகிறது. இத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளருக்கு இந்தச் சிதறலைக் கட்டம் கட்டமாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. 1870-களில் அவர் தொடங்கியபோது அவ்வளவு வேகமான புகைப்பட வசதி கிடையாது. அதனால் இருட்டறையில் உட்கார்ந்து, துளி விழும் நொடியில் ஒரு மின்பொறியைப் பளிச்சிட வைத்து, கண்ணில் தங்கிய பிம்பத்தை உடனே தாளில் வரைந்தார். அப்புறம் அடுத்த துளி, பொறி இன்னும் சற்றுத் தாமதமாக. இப்படி ஆண்டுக்கணக்கில் வரைந்தார். அவர் வெளியிட்ட படங்கள் கோலம் போட்டதுபோல எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தன.

1894-ல் அதே சிதறலைப் புகைப்படமாகவே எடுக்க முடிந்தது. பார்த்தால், கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, முட்கள் ஏறுக்கு மாறாக நிற்கின்றன. வொர்திங்டன் தன் பழைய தாள்களை எடுத்துப் புரட்டினார். கோணல்மாணலான சிதறல்களை அன்றைக்கே அவர் கை வரைந்து வைத்திருந்தது! வெளியிடத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அவை கழிந்துபோயிருந்தன. ‘இது சரியாக விழாத துளி’ என்று மனம் தானாகவே ஒதுக்கிவிட்டிருந்தது. இதை மறைக்காமல் அவரே எழுதினார்.

அப்படியானால் முதலில் அவர் செய்தது ஏமாற்று வேலையா? அவர் கற்று வளர்ந்த மரபின்படி இல்லை. இயற்கையில் தற்செயலாக ஏற்படும் குறைகளை நீக்கி, ஒரு பொருளின் மெய்யான வடிவத்தைக் காட்டுவதுதான் நல்ல அறிவியல் படம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1747-ல் லெய்டன் நகரத்து உடற்கூறியலாளர் ஆல்பினஸ் மனித எலும்புக்கூட்டின் படங்களை வெளியிட்டார். அதற்காக ஒரு நல்ல எலும்புக்கூட்டைத் தேடிப் பிடித்ததோடு, அதில் இருந்த சிறு குறைகளையும் படத்தில் திருத்தச் சொன்னார். அதைத் தன் திறமை என்றே சொல்லிக்கொண்டார். புகைப்படக் காலத்தில் இந்த எண்ணம் தலைகீழானது. ‘உன் கையை வைக்காதே, கருவி காட்டுவதை அப்படியே காட்டு’ என்றார்கள். இன்று ஓர் ஆய்விதழுக்கு அனுப்பும் நுண்ணோக்கிப் படத்தில் ஒரு சின்னப் புள்ளியை அழித்தால்கூட அது முறைகேடு. ஒரே செயல், ஒரு நூற்றாண்டில் திறமை, இன்னொரு நூற்றாண்டில் குற்றம்.

அறிவியல் மாறுகிறது என்றால் பொதுவாக நாம் நினைப்பது கண்டுபிடிப்புகளை: பழைய கொள்கை போய்ப் புதியது வருகிறது, அவ்வளவுதான் என்று. அதற்குக் கீழே இன்னொரு மாற்றமும் மெதுவாக நடந்துகொண்டே இருக்கிறது. எது சான்று, யார் சொல்வதை நம்பலாம், எவ்வளவு சந்தேகம் தீர்ந்தால் போதும், எதையெல்லாம் வெளியே சொல்லியாக வேண்டும், மனிதர்களை வைத்து என்ன செய்யலாம் என்ற அளவுகோல்களே மாறுகின்றன. இவற்றை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை. பெரும்பாலான விதிகளைத் தோண்டிப் பார்த்தால், அடியில் யாரோ ஏமாந்த கதை ஒன்று இருக்கும். அதிலும் மிகுதி, தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்ட கதை.

யார் கண்ணால் பார்த்தது?

இங்கிலாந்தின் ராபர்ட் பாயில் ஒரு கண்ணாடிக் கோளத்திலிருந்து காற்றை வெளியேற்றும் பம்பு ஒன்றை வைத்துச் சோதனைகள் செய்து, 1660-ல் வெளியிட்டார். இன்றைக்கு நமக்கு இதில் வியப்பு எதுவும் தோன்றாது. அன்றோ இது சர்ச்சைக்குரிய வழி. அதுவரை உறுதியான அறிவு என்றால் எல்லோருக்கும் எப்போதும் தெரிந்த பொது அனுபவம், இல்லையென்றால் வடிவியல் போல முதல் கோட்பாடுகளிலிருந்து தர்க்கத்தால் பெறுவது. ஓர் அறைக்குள், ஒரு நாள், ஒரு கருவியில் நடந்த ஒரு நிகழ்ச்சி எப்படி அறிவாகும்? தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் இதைத்தான் கேட்டார். உன் பம்பில் காற்று கசிகிறது, அதை வைத்து எந்தக் காரணத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பம்பு கசிந்தது உண்மைதான்.

பாயில் இதற்குக் கண்ட வழி சாட்சிகள். சோதனையை மற்றவர்கள் முன்னால் செய்தார், யார் யார் இருந்தார்கள் என்று எழுதினார். அங்கே இல்லாதவர்களுக்காக, படிக்கப் படிக்க அலுப்புத் தட்டும் அளவுக்கு ஒவ்வொரு விவரத்தையும் எழுதினார், தோற்றுப்போன முயற்சிகள் உட்பட. படிப்பவர் தானே அந்த அறையில் நின்று பார்த்ததுபோல உணர வேண்டும் என்பது நோக்கம். ‘எவர் சொல்லையும் அப்படியே ஏற்காதே’ என்பதை லண்டன் ராயல் சொசைட்டி தன் குறிக்கோளுரையாக வைத்துக்கொண்டது. 1665-ல் அதன் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். இன்றைய ஆய்வுக் கட்டுரைகளில் ‘செய்முறை’ என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதன் மூதாதை பாயிலின் அந்த நீளமான எழுத்துதான்.

இதிலும் ஒரு குறை இருந்தது. எல்லோருடைய சாட்சியும் எடுபடவில்லை. மதிப்பும் சொத்தும் உள்ள சீமான்களின் சொல்லுக்கு இருந்த எடை, பம்பை இயக்கி வியர்த்த உதவியாளர்களின் சொல்லுக்குக் கிடையாது. நம்பிக்கையை அளக்க அவர்களிடம் இருந்த அளவுகோல் சமூக அந்தஸ்துதான்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஏமாந்தால்?

சாட்சிகள் நேர்மையானவர்கள், எண்ணிக்கையும் நிறைய. அப்படியும் எல்லோரும் சேர்ந்து தவறாகப் பார்க்க முடியுமா? முடியும். இதை அறிவியல் உலகம் கசப்போடு கற்றுக்கொண்டது.

1903-ல் பிரான்சின் நான்சி நகரத்து இயற்பியலாளர் ரெனே ப்ளோண்ட்லோ ஒரு புதிய கதிரைக் கண்டதாக அறிவித்தார். எக்ஸ் கதிர்கள் வந்து சில ஆண்டுகளே ஆன காலம், கதிரியக்கமும் புதிது, இன்னொரு கதிர் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. தன் ஊரின் பெயரால் அதற்கு என்-கதிர் என்று பெயர் வைத்தார். அந்தக் கதிர் பட்டால் ஒரு மங்கலான ஒளி சற்றே கூடும். அதை இருட்டில், பழகிய கண்ணால்தான் பார்க்க முடியும். ப்ளோண்ட்லோ பார்த்தார், அவர் உதவியாளர்கள் பார்த்தார்கள், பிரான்சில் வேறு பல ஆய்வாளர்களும் பார்த்தார்கள். மனித உடலிலிருந்து இந்தக் கதிர் வருகிறது என்றுகூடக் கட்டுரைகள் வந்தன. மற்ற நாடுகளில் பலரால் பார்க்க முடியவில்லை.

1904-ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் நேரில் போனார். என்-கதிரை ஓர் அலுமினியப் பட்டகம் பல கோணங்களில் பிரிக்கிறது என்று ப்ளோண்ட்லோ இருட்டில் அளவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வுட் சத்தமில்லாமல் அந்தப் பட்டகத்தை எடுத்துவிட்டார். அளவுகள் மாறவில்லை! கதிரைப் பிரிக்க எதுவுமே இல்லாதபோதும் பிரிந்த கதிர் ‘தெரிந்தது’. வுட் இதை ஆய்விதழில் எழுதியதும் என்-கதிர்களின் கதை ஏறக்குறைய முடிந்துபோனது.

ப்ளோண்ட்லோ பொய் சொல்லவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் கவனமான, மதிக்கப்பட்ட ஆய்வாளர். எதிர்பார்ப்பு கண்ணுக்குள் புகுந்துவிட்டது, அவ்வளவுதான். நேர்மையாக இரு என்று சொல்வதால் இதைச் சரிசெய்ய முடியாது. பார்ப்பவருக்கு விடை என்னவாக இருக்க வேண்டும் என்பதே தெரியாதபடி சோதனையை அமைக்க வேண்டும். இதைத்தான் மறைப்புச் சோதனை என்கிறோம்.

இந்த வழி அப்போதே தெரியாததும் அல்ல. 1784-லேயே அது நடந்திருக்கிறது. பாரீஸில் மெஸ்மர் என்ற மருத்துவர், உயிர்க் காந்தம் என்ற கண்ணுக்குத் தெரியாத சக்தியால் நோய்களைக் குணமாக்குவதாகச் சொல்லிப் பெரும் புகழ் பெற்றிருந்தார். மன்னர் பதினாறாம் லூயி விசாரணைக் குழு அமைத்தார். அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லாவோசியேயும் அதில் இருந்தார்கள். மெஸ்மரின் சீடர் ஒருவர் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்த சக்தி ஏற்றினார். கண்ணைக் கட்டிய ஒரு 12 வயதுச் சிறுவனை மரம் மரமாக அழைத்துப் போனார்கள். நான்காவது மரத்தருகே அவன் மயங்கியே விழுந்தான். சக்தி ஏற்றிய மரம் அதுவல்ல. சிறுவன் நடிக்கவில்லை, மயக்கம் உண்மை. அதற்குக் காரணம்தான் மரத்தில் இல்லை, அவன் நம்பிக்கையில் இருந்தது.

இவ்வளவு தெளிவான முறை 1784-ல் கையில் இருந்தும், மருந்துச் சோதனைகளில் அது வழக்கமாவதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆனது. ஒரு நல்ல முறை யாருக்கோ தெரிந்திருப்பது வேறு, அதைச் செய்யாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற நிலை வருவது வேறு. இரண்டாவதைத்தான் இங்கே அளவுகோல் என்கிறேன். நடுவில் தலைமுறைகள் கடந்துபோகலாம்.

12 மாலுமிகளும் 107 நோயாளிகளும்

அப்படித் தலைமுறைகள் கடந்துபோனதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு ஸ்கர்வி. நீண்ட கடற்பயணங்களில் ஈறு அழுகி, உடல் தளர்ந்து மாலுமிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1747-ல் சாலிஸ்பரி என்ற கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் நோயுற்ற 12 பேரை இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடிகளாகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே உணவு, ஒரே இடம். ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு மருந்து: வினிகர், கடல்நீர், ஆப்பிள் மது என்று. ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் சில நாட்களிலேயே தேறிவிட்டார்கள்.

இன்று பார்த்தால் விடை பளிச்சென்று தெரிகிறது. பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியதோ 1795-ல், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து. காரணம் அதிகாரிகளின் மெத்தனம் மட்டும் இல்லை. லிண்டே இந்தச் சோதனையைத் தன் பெரிய நூலில் சில பக்கங்களோடு முடித்துவிட்டு, மற்றப் பக்கங்களை உடலின் ஈரம், வியர்வை பற்றிய அன்றைய கோட்பாடுகளுக்கும் முன்னோர் எழுதியவற்றைத் தொகுப்பதற்கும் ஒதுக்கினார். அவர் காலத்தில் ஒரு மருத்துவரை நல்ல மருத்துவராக்கியது அந்தக் கோட்பாட்டு அறிவுதான். இரண்டு பேரை இரண்டு பேரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சான்றுகளில் உச்சம் என்று அவருக்கே தோன்றவில்லை.

ஒப்பீடு உச்சத்துக்கு வந்தது 1948-ல். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய மருந்து வந்திருந்தது. பிரிட்டனில் அது எல்லோருக்கும் போதுமான அளவு இல்லை. அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சி மன்றம், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளரின் துணையோடு 107 நோயாளிகளிடம் சோதனை நடத்தியது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்று எந்த மருத்துவரும் தீர்மானிக்கவில்லை. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முன்கூட்டியே தீர்மானித்து, ஒட்டிய உறைகளுக்குள் வைத்திருந்தார்கள். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? மருத்துவர்கள் நல்லவர்கள் என்பதால்தான். அடுத்து வருபவருக்கு மருந்து கிடைக்கும் என்று தெரிந்தால், பிழைக்க வாய்ப்புள்ளவர் என்று மனசுக்குப் பட்ட ஒருவரை அந்த இடத்தில் சேர்க்கத் தோன்றும். இரக்கத்தால் செய்வதுதான். ஆனால் அப்புறம் மருந்து குணமாக்கியதா, மருந்து வாங்கியவர்கள் முதலிலேயே தெம்பாக இருந்தார்களா என்று பிரிக்கவே முடியாது. உறை அந்த இரக்கத்தை வெளியே நிறுத்திவைத்தது. எக்ஸ் கதிர்ப் படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கும் எது யாருடைய படம் என்று தெரியாது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள், மற்ற 52 பேரில் 14 பேர்.

இந்தச் சோதனையை இன்றும் பாடப்புத்தகங்கள் கொண்டாடுகின்றன. அதே சோதனையை இன்று அப்படியே நடத்த முடியாது. தாங்கள் ஓர் ஆய்வில் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டவர்கள் என்பது மருந்து பெறாத நோயாளிகளிடம் சொல்லப்படவில்லை. மருந்துத் தட்டுப்பாடு இருந்ததால் யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு ஒப்புக்கொள்ளாது.

தகவல் சொல்லிச் சம்மதம் கேட்பது நல்ல அறிவியலின் பகுதியானது அண்மையில்தான். நாஜி மருத்துவர்கள் கைதிகள் மீது செய்த கொடுமைகளை விசாரித்த நூரம்பெர்க் நீதிமன்றம் 1947-ல் மனிதச் சோதனைகளுக்கான பத்து விதிகளை வகுத்தது. முதல் விதியே தன்விருப்பச் சம்மதம். உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி அறிக்கை 1964-ல் வந்தது. இத்தனைக்குப் பிறகும் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு சுகாதாரத் துறை கவனித்துக்கொண்டே இருந்தது. 1932-ல் தொடங்கிய அந்த ஆய்வு, பென்சிலின் வந்து அது உறுதியான மருந்து என்று தெரிந்த பிறகும், 1972-ல் செய்தித்தாளில் அம்பலமாகும் வரை நின்றபாடில்லை. அதிலிருந்து கட்டுரைகளும் வெளியாகிக்கொண்டிருந்தன. ஆய்விதழில் படித்த மருத்துவர்களில் மிகச் சிலரே கேள்வி எழுப்பினார்கள். எழுதித் தாளில் இருக்கும் விதி, எல்லோர் மனத்திலும் விதியாக ஆவதற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது மிகவும் வருத்தமானது.

பார்க்க முடியாததைப் பேசலாமா?

இதுவரை சொன்னது சோதனை முறை பற்றி. எது நல்ல விளக்கம் என்பதற்கான அளவுகோலும் மாறியிருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈர்ப்பு விசை எதனால் உண்டாகிறது என்று கேட்டபோது நியூட்டன், ‘நான் கருதுகோள்களைப் புனைவதில்லை’ என்று 1713-ல் எழுதினார். அவரைப் பின்பற்றியவர்களுக்கு இது ஒரு சட்டம் போலானது: கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கற்பனை செய்து விளக்குவது தரக்குறைவான அறிவியல்.

பிறகு ஒளி ஓர் அலை என்று ஃபிரெனெல் 1818-ல் ஒரு போட்டிக்குக் கட்டுரை அனுப்பினார். நடுவர்களில் ஒருவரான புவாசோன் அதை ஏற்காதவர். அவர் கணக்குப் போட்டு, இது சரியென்றால் ஒரு வட்டத் தட்டின் நிழலுக்கு நட்டநடுவில் ஒளிப்புள்ளி ஒன்று தெரிய வேண்டுமே, அபத்தம் என்றார். இன்னொரு நடுவரான அராகோ சோதித்துப் பார்த்தார். நிழலின் நடுவில் அந்தப் புள்ளி இருந்தது. யாரும் எதிர்பார்க்காத ஒன்றை முன்கூட்டியே சொல்லி அது பலித்தால், கண்ணுக்குத் தெரியாத அலைகளைப் பற்றிய கருதுகோளும் மதிப்புக்குரியதே என்ற எண்ணம் அந்த நூற்றாண்டில் மெல்ல ஊன்றியது. அணுக்களையும் மரபணுக்களையும் நேரில் பார்ப்பதற்கு முன்பே பேச முடிந்தது இந்த மாற்றத்தால்தான்.

நூற்றுக்கு ஐந்து

இப்போது எண்களுக்கு வருவோம். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டுகிறோம், ஒன்பது முறை தலை விழுகிறது. நாணயம் கோளாறானதா? நல்ல நாணயத்திலும் ஒன்பதோ பத்தோ தலை விழ வாய்ப்பு உண்டு, ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. ‘எதுவும் இல்லை, வெறும் தற்செயல்தான் என்று வைத்துக்கொண்டால், இப்படியொரு முடிவு வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு?’ இந்தக் கேள்விக்கான விடைதான் பி-மதிப்பு. அது சிறியதாக இருந்தால், தற்செயல் என்று சொல்வது கடினமாகிறது.

எவ்வளவு சிறியது? 1925-ல் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் இருபதில் ஒன்று, அதாவது 5 விழுக்காடு, வசதியான எல்லை என்று எழுதினார். அவர் மனத்தில் இருந்தது ஒரு தொடக்கக் கோடு: அதைத் தாண்டினால் மேலும் சோதிக்கத் தகும், தாண்டாவிட்டால் விட்டுவிடலாம். நாளடைவில் அது வாசற்கதவாகிப்போனது. 5-க்குக் கீழே வந்தால் கட்டுரை வெளியாகும், வேலை கிடைக்கும். மேலே போனால் மேசை இழுப்பறை. அளவுகோல் எப்போதும் முன்னேறிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். ஒரு நல்ல கருவி சடங்காகித் தீங்கு செய்வதும் நடக்கும்.

எப்படிப்பட்ட தீங்கு? உண்மையில் எந்த விளைவும் இல்லாத 20 கேள்விகளைச் சோதித்தால், அவற்றில் ஒன்றாவது அந்த 5 விழுக்காட்டுக் கோட்டைத் தாண்டிவிட 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மற்ற 19-ஐச் சொல்லாமல் அந்த ஒன்றை மட்டும் எழுதினால் அது கண்டுபிடிப்பாகத் தெரியும். 2011-ல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் என்ற மூவர் இதை மறக்க முடியாத விதத்தில் காட்டினார்கள். அன்றைக்கு வழக்கத்தில் இருந்த, யாரும் தப்பாக நினைக்காத சலுகைகளை (பலவற்றை அளந்துவிட்டுச் சிலவற்றை மட்டும் சொல்வது போன்றவை) மட்டும் பயன்படுத்தி, ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்களுக்கு வயது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்று ‘நிறுவினார்கள்’. பாட்டு கேட்ட பிறகு மனநிலை அல்ல, பிறந்த தேதிப்படியான வயதே குறைந்ததாம்! முடியவே முடியாத ஒன்றை இந்த விதிகளால் நிறுவ முடிகிறதென்றால், விதிகளில்தான் ஓட்டை.

2015-ல் ஒரு பெரிய கூட்டுக் குழு, வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. முதலில் 97 விழுக்காடு ஆய்வுகள் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தன. மறுபடி செய்தபோது தாண்டியது 36 விழுக்காடு.

இதற்கு வந்த மருந்து முன்பதிவு. என்ன கேட்கப்போகிறோம், எதை அளக்கப்போகிறோம், எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். அப்புறம் அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட முடியாது. மருந்துச் சோதனைகளுக்கு அமெரிக்க அரசின் பதிவேடு 2000-லேயே திறந்துவிட்டது. 2005 முதல் முக்கிய மருத்துவ இதழ்கள் பதியாத சோதனைகளை ஏற்பதில்லை. இதன் விளைவை அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் பணம் தந்த பெரிய சோதனைகளில் எண்ணிப் பார்த்தார்கள். 2000-க்கு முன் வெளியான 30 சோதனைகளில் 17, சோதித்த சிகிச்சையால் நன்மை உண்டு என்றன. அதன்பிறகு வெளியான 25-ல் 2 மட்டுமே. மருந்துகள் திடீரென்று மோசமாகியிருக்க முடியாது. வேறு காரணங்களும் கொஞ்சம் இருக்கலாம், என்றாலும் பழைய 17-ல் பலவற்றை இனி அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை.

எல்லாத் துறையும் ஒரே கோட்டை வைத்துக்கொள்வதும் இல்லை. துகள் இயற்பியலில் புதுத் துகள் என்று அறிவிக்க, தற்செயலாக அப்படி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். 2012 ஜூலை 4-ல், ஐரோப்பாவின் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில், ஹிக்ஸ் போசான் என்ற துகள் அந்தக் கோட்டைத் தொட்டது. 2015 டிசம்பரில் அதே ஆய்வகத்தின் தரவில், புதுத் துகளின் அடையாளமோ என்று தோன்றும் இன்னொரு புடைப்பு தெரிந்தது. நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் குவிந்தன. அடுத்த ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் அது மறைந்துவிட்டது. இப்படி மறைந்த புடைப்புகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் கோட்டை அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள். மருத்துவர்கள் அதே கோட்டைக் கேட்க முடியாது. புரோட்டான்களைக் கோடிக்கணக்கில் மோத விடலாம், நோயாளிகளை அப்படிச் செய்ய முடியுமா?

போகிற போக்கில் ஒன்று. கட்டுரையை வெளியிடும் முன் அதே துறை வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்ப்பது ஆதிகாலம் தொட்டு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 1936-ல் ஐன்ஸ்டைன் ஓர் அமெரிக்க இதழுக்கு அனுப்பிய ஈர்ப்பலைக் கட்டுரையை ஆசிரியர் வெளி மதிப்பாய்வாளரிடம் காட்டிவிட்டார். ஐன்ஸ்டைன் கோபத்தோடு கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மதிப்பாய்வாளர் சுட்டிய பிழை உண்மையான பிழை. வேறு இதழில் வந்தபோது முடிவு மாறியிருந்தது. புகழ்பெற்ற அறிவியல் இதழான நேச்சர் எல்லாக் கட்டுரைக்கும் வெளி மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியது 1973-ல்தான்.

பழையவர்களை எப்படி எடைபோடுவது?

இதையெல்லாம் கேட்டதும் இரண்டு எண்ணங்கள் வரும். ஒன்று, அந்தக் காலத்து ஆட்கள் எல்லாம் அரைகுறை என்பது. இன்னொன்று, அளவுகோலே மாறுகிறதென்றால் உண்மை என்று ஒன்று உண்டா என்பது.

முதல் எண்ணத்துக்கு மில்லிகன் நல்ல எடுத்துக்காட்டு. மின்புலத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தவர். 1913 கட்டுரையில் 58 துளிகளைக் கொடுத்து, இவை பொறுக்கி எடுத்தவை அல்ல, தொடர்ந்து 60 நாட்களில் சோதித்த எல்லாத் துளிகளும் இவையே என்று எழுதினார். அவர் குறிப்பேடுகளில் இன்னும் நிறையத் துளிகள் இருக்கின்றன. கருவி சரியாக இயங்காதபோது எடுத்த அளவை விடுவது அன்றும் இன்றும் சரிதான். ஆனால் எதையும் விடவில்லை என்று சொன்னது அன்றைய அளவுகோலிலும் தவறு. அவர் சொன்ன மதிப்போ, இன்றைய மதிப்பிலிருந்து ஒரு விழுக்காடுகூட விலகவில்லை. அவர் தன் காலத்துக்கு நேர்மையாக இருந்தாரா என்பது ஒரு கேள்வி, அவர் முடிவு சரியா என்பது வேறு கேள்வி. வொர்திங்டன் முதல் கேள்வியில் தேறுகிறார், அவர் படங்கள் இரண்டாவதில் தேறவில்லை. மில்லிகனுக்குத் தலைகீழ்.

இரண்டாவது எண்ணத்துக்கு விடை லிண்டின் கப்பலில் இருக்கிறது. எலுமிச்சை 1747-லும் ஸ்கர்வியைக் குணமாக்கியது, இன்றும் குணமாக்கும். மாறியது அதை நம்பத் தகுந்த விதத்தில் காட்டும் வழி. புதிய வழி வந்தது யாருடைய விருப்பத்தாலும் அல்ல. பழைய வழியில் எங்கே ஏமாந்தோம் என்று காட்ட முடிந்ததால். பட்டகத்தை எடுத்த பிறகும் அளவு மாறவில்லை என்றால், எந்தக் காலத்தவரும் எந்த ஊர்க்காரரும் அதன் பொருளைப் புரிந்துகொள்வார்கள்.

மில்லிகன் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. காற்றின் பிசுபிசுப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சற்றுத் தவறு என்பதால் அவர் மதிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. அவருக்குப் பின் அளந்தவர்களின் மதிப்புகள் ஒரேயடியாகச் சரியான இடத்துக்குத் தாவவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறின என்று இயற்பியலாளர் ஃபைன்மன் 1974-ல் ஓர் உரையில் சுட்டிக்காட்டினார். மில்லிகனிடமிருந்து மிகவும் விலகிய எண் வந்தால், எங்கே தப்பு என்று தேடினார்கள். அருகில் வந்தால் தேடவில்லை.

இப்போது பல இயற்பியல் குழுக்கள் தங்கள் விடையைத் தங்களிடமிருந்தே மறைத்து வைக்கின்றன. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் மியூவான் என்ற துகள் காந்தப்புலத்தில் எவ்வளவு வேகமாகத் தள்ளாடுகிறது என்று அளந்தார்கள். அளவுக்கு அடிப்படையான கடிகாரத்தின் வேகத்தை, குழுவில் இல்லாத இருவர் முன்கூட்டியே இரகசியமாகச் சற்று மாற்றி வைத்தார்கள். எவ்வளவு மாற்றினார்கள் என்பது ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது. சுமார் 200 பேர் கொண்ட குழு, தாங்கள் கணக்கிடும் எண்ணின் உண்மை மதிப்பு என்னவென்று தெரியாமலே பிழைகளைத் தேடித் தேடித் திருத்தியது. 2021 பிப்ரவரி 25-ல் இணையவழிக் கூட்டத்தில், இனித் திருத்த எதுவும் இல்லை என்று எல்லோரும் வாக்களித்த பிறகு உறையைத் திறந்தார்கள். உள்ளிருந்த எண்ணைக் கணினியில் இட்டதும், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அளந்த மதிப்புக்கு மிக அருகே அவர்களுடைய புள்ளி வந்து நின்றது.